அண்ணிக்காக ஒரு ஜெபக் குறிப்பு

எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு முன்னால் போதகர் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். யாருக்காவது தீங்கு செய்துவிட்டு அதை இன்னும் சரிசெய்யாதவர்களும், யார் மேலாவது கசப்பு வைத்திருப்பவர்களும் அந்த நிமிடத்தில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்துவிட வேண்டும். சமாதானம் ஆன பிறகு வந்தால் போதும். நல்ல வழக்கம்தான். ஆனால் கண்ணை மூட வேண்டிய அந்த நேரத்தில் பாதிப் பேர் அரைக்கண் போட்டு, யார் எழுந்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் நான் கெட்டிக்காரி. எந்த வீட்டில் மாமியார் மருமகள் பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் அண்ணன் தம்பி முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் பெஞ்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அப்படித்தான் சின்ன சிஸ்டர் கொஞ்ச நாளாகத் திருவிருந்துக்கு எழுந்திருப்பதில்லை என்பதைக் கவனித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண். பாடகர் குழுவில் முதல் வரிசை. ஆளும் சின்னது, குரலும் சின்னது என்பதால் சபையில் எல்லோருக்கும் அவள் சின்ன சிஸ்டர். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத அந்தப் பெண்ணுக்கு யாரோடு சண்டை வந்திருக்க முடியும் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். அவள் தீங்கு செய்த ஆள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

என் அண்ணி அதே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகளை நீளமான மேஜையில் கொட்டி, படுக்கை விரிப்பு தனி, நோயாளிகளின் உடுப்பு தனி, ரத்தம் பட்டது தனி என்று பிரித்துப்போட வேண்டும். துணியோடு துணியாக என்னென்னவோ வரும். மூக்குக்கண்ணாடி வரும், பல்செட் வரும், ஒரு தடவை பாதி கடித்த ஆப்பிள் வந்ததாம். பல்செட்டைப் பறிகொடுத்த கிழவர் பொக்கை வாயோடு தேடிக்கொண்டு சலவைப் பிரிவுக்கே வந்துவிட்டதை அண்ணி நடித்துக் காட்டினால் என் மகள் உருண்டு உருண்டு சிரிப்பாள்.

ஒரு நாள், சுருட்டிப் போட்டிருந்த விரிப்பை அண்ணி பிரித்தபோது உள்ளே ஊசி இருந்தது. கையுறையைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரல் அடியில் ஏறிவிட்டது. மேஜையில் கிடந்த துணி மூன்று வார்டுகளிலிருந்து வந்தது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரிந்துவிட்டால் அந்த ஆளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அது சுத்தமாக இருந்தால் எய்ட்ஸ் வந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கே போய்விடும். டாக்டர் கேட்டது அந்த ஒன்றைத்தான். தலைமை நர்ஸான மேட்ரன் மூன்று வார்டு நர்ஸுகளையும் நிற்கவைத்துக் கேட்டார். எல்லோரும் தெரியாது என்றார்கள். அதனால் அண்ணி ஒரு மாதம் மாத்திரை விழுங்கினாள். விழுங்கியதைவிட வாந்தி எடுத்ததுதான் அதிகம். மூன்று மாதம் கழித்துக் கடைசிச் சோதனை முடிந்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்கள்.

பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் அண்ணன், நானே உனக்குப் பெரிய வியாதி, இதுக்கு மேல ஒன்னும் ஒட்டாது என்று அண்ணியைச் சிரிக்க வைத்தான். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வீடே சின்னது, குழாய்ச் சத்தத்தால் என்ன மறையும்?

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புருஷன் இறந்த பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நான். அண்ணி முகம் கோணவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. அண்ணனை வெளி அறைக்குத் துரத்திவிட்டு என் மகள் அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். கூடப் படுப்பதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொட்டு விளையாடுவதாலோ ஒன்றும் வராது என்று டாக்டர் சொன்னதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே மகளின் படுக்கையை என் அறைக்கு மாற்றினேன். பிள்ளைக்கு இருமலாக இருக்கிறது, நீங்களாவது தூங்குங்கள் என்று ஒரு காரணமும் சொன்னேன். நான் மறந்து விட்டுவிட்டு வந்த குட்டித் தலையணையை அண்ணியே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

இந்த லட்சணத்தில்தான் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். அங்கே கடைசியில் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், முழங்கால் வலி. என் முறை வந்தபோது நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. எங்க வீட்ல ஒருத்தங்களுக்கு வேலை பாக்குற இடத்துல ஊசி குத்திடுச்சு, ரத்தம் சுத்தமா இருக்கணும்னு ஜெபம் பண்ணுங்க என்றேன். எங்கள் வீட்டில் இருப்பது அண்ணன், அண்ணி, நான், ஆறு வயதுக் குழந்தை. பஸ் டிப்போவில் யாருக்கும் ஊசி குத்தாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்? எல்லோரும் என் தலையில் கைவைத்து அழுது ஜெபித்தார்கள். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. இறங்கின பாரம் நேராக யார் தலையில் போய் உட்காரும் என்று நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் சபையில் புறம்பேசுவது பாவம். ஜெபிப்பது பாவமில்லை. அதனால் விஷயம் ஜெபமாகவே பரவியது. பெண்களிடமிருந்து வாலிபர் கூட்டத்துக்கு, அங்கிருந்து ஆண்களுக்கு. ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் பெருத்து, கடைசியில் அந்தக் கொடிய வியாதியில் விழுந்துவிட்ட நம் சகோதரிக்காக என்று ஒருவர் உருக்கமாக ஜெபித்தாராம். அண்ணன் அந்தக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆமென் என்றும் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகுதான் யாருக்காக என்று அவனுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது கண்ணுக்குத் தெரிந்தது. திருவிருந்தில் ஆண்கள் முதலில் போய் வருவார்கள், பிறகு பெண்கள் வரிசை வரிசையாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதித் தடுப்பருகே முழங்கால் போடுவார்கள். எல்லோருக்கும் ஒரே கிண்ணம். போதகர் ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிட்டு விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுப்பார். அண்ணி முழங்கால் போட்டதும் வலது பக்கத்தில் இருந்தவள் எதையோ மறந்தவள் போல எழுந்து ஓரத்துக்குப் போனாள். இடது பக்கத்தில் வந்தவள் ஓர் ஆள் இடம் விட்டு முழங்கால் போட்டாள். அதற்குப் பிறகு அண்ணி தானாகவே கடைசி வரிசைக்குக் காத்திருந்து போக ஆரம்பித்தாள். கிண்ணத்தால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. நான் ஒவ்வொரு வாரமும் முதல் வரிசையிலேயே போய்க் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி மாத்திரையை முடித்த வாரத்தில் ஒரு சாயங்காலம் சின்ன சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாள். நின்றபடியே சொன்னாள். அன்றைக்கு வார்டில் ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்து துள்ளினானாம். ஊசி போட்டதும் அதை அதற்கான டப்பாவில் போட வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான். அவள் கட்டில்மேல் வைத்துவிட்டு அவன் தலையைப் பிடித்திருக்கிறாள். அவனை அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் ஆயா விரிப்பைச் சுருட்டி மூட்டையில் போட்டுவிட்டாள்.

"மேட்ரன் கேட்டப்போ தெரியாதுன்னு என் தலை தானா ஆடிடுச்சுக்கா. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு வேலை நிரந்தரம் ஆகுற நேரம்."

அந்த நோயாளி இப்போது எங்கே என்று நான் கேட்டேன். குணமாகி வீட்டுக்குப் போய்விட்டான், கொடுத்த முகவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை, நானே போய்த் தேடிப் பார்த்தேன் என்றாள். அதாவது அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் ஒரு சோதனையில் முடிந்திருக்கும். அந்த மாத்திரையும் வாந்தியும் இல்லை. கிராதியில் அந்தக் காலி இடமும் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணி மட்டும் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஆள் பொழைச்சுட்டானா?" என்று கேட்டாள்.

"பொழைச்சுட்டாருக்கா. நடந்துதான் போனாரு."

சரி என்றாள் அண்ணி. சின்ன சிஸ்டர் குனிந்து காலைத் தொடப் போனதும் அண்ணி சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டாள். காலில் எல்லாம் விழ வேண்டாம், எனக்கு இப்போது உன்னைப் பார்க்க முடியவில்லை, போய்விடு என்றாள். அந்தப் பெண் போனாள். நான் வாசல்வரை துரத்திக்கொண்டு போய், என் வாயில் வந்ததையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி பேசி அனுப்பினேன். படித்த கழுதை என்பதுதான் அதில் இருந்த மரியாதையான வார்த்தை.

மறுநாள் அவளே மேட்ரனிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டாள். உடனே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை விசாரணை என்றார்கள். பாதிக்கப்பட்டவள் என்பதால் அண்ணியின் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. இவளை மறுபடி வேலைக்கு எடுக்கலாமா, கூடாதா என்று அண்ணியைக் கேட்பார்கள். அவள் எதிராகப் பேசிவிட்டால் அதோடு அந்தப் பெண்ணின் நர்ஸ் வேலை முடிந்தது.

அந்த வாரம் முழுக்க நான் அண்ணியைத் துளைத்து எடுத்தேன். சமைக்கும்போது சொன்னேன், துணி மடிக்கும்போது சொன்னேன். இரக்கம் காட்டுகிறேன் பேர்வழி என்று அங்கே போய்க் கோட்டை விட்டுவிடாதீர்கள், இன்றைக்கு உங்களுக்குச் செய்தவள் நாளைக்கு இன்னொருத்திக்குச் செய்வாள் என்றேன். அண்ணி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் சமையல் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தேன். ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தவளை எப்படி அண்ணி விடுறது என்று கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ வாயை மூடிக்கிட்டா. நீ வாயைத் திறந்துட்ட. ரெண்டுக்கும் நான்தான் அனுபவிக்கிறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜெபத்துக்காகத்தான் என்று சொல்லப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அண்ணி முடிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தக் கூட்டத்துல இருந்த எல்லாரும் என்கிட்ட வந்து, உங்க நாத்தனார் அழுதாங்கன்னு சொன்னாங்க. பிள்ளையை எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்ட. அதையாவது பயம்னு விட்டேன். திங்கக்கிழமை அவளைப் பத்தி என்கிட்ட கேப்பாங்க. உன்னைப் பத்தி நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். மறுபடி கத்தியை எடுத்து மீதிக் காயை நறுக்க ஆரம்பித்தாள். நான் அங்கேயே நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் சின்ன சிஸ்டரும் நானும் ஒரே ஆள் என்று ஆகிவிடும். வாசலில் நின்று நான் கத்தியதெல்லாம் என்னைப் பார்த்தே கத்தியதாகிவிடும். அதனால் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். இவ்வளவு அகங்காரம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை அண்ணி என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டி இருந்த சுவரைப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டால் எனக்கும் மகளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வேறு வீடு பார்த்துக்கொடுத்து அனுப்பிவிடுவான். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பயம்கூடப் பெரிதாக இல்லை. அவள் இனிமேல் என்னை ஒரு மனுஷியாகவே பார்க்க மாட்டாளோ என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் முன்னால் போய்விட்டார்கள். நான் மகளை ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டு உள்ளே போனபோது கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது. அதில் ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சின்ன சிஸ்டர். பாடகர் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள் போலிருக்கிறது. வேறு வழியில்லாமல் அதே பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்ததும் அந்தக் கோடிக்கு இன்னும் ஒதுங்கினாள். நான் தெருவில் வைத்துத் திட்டியதற்குப் பிறகு அவள் வேறு என்ன செய்வாள்?

போதகர் அந்த ஒரு நிமிடம் நின்றார். பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் இருக்கிறேன், அந்த நிமிடம் எனக்கானது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்றைக்குப் பெண்கள் எழுந்து போக ஆரம்பித்தபோது என் கால் வரவில்லை. முன்னால் போனவர்களில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். எத்தனை பேரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். சின்ன சிஸ்டர் மடியில் கையை வைத்துக் குனிந்திருந்தாள். நானும் அப்படியே குனிந்தேன். ஆண்டவரே, இவளை விடுங்கள், என்னைப் பாருங்கள் என்று கேட்கத் தோன்றியது. பிறகு அதுவும் தப்பென்று பட்டது. இரண்டு பேரையும் பாருங்கள் என்று கேட்டேன்.

கடைசி வரிசை போனது. அண்ணி கிராதியில் நடுவில் முழங்கால் போட்டாள். வழக்கம்போல இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டு மற்றவர்கள் முழங்கால் போட்டார்கள். போதகர் இடது கோடியிலிருந்து அப்பத்தைக் கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் பக்கத்தில் வருவதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். திரும்பி நடுப்பாதையில் நடந்து வந்தாள். பொறுக்க முடியாமல் வெளியே போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அண்ணன் பாதி எழுந்து நின்றான். போதகர் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவள் கதவு வரைக்கும் வந்து, கதவைத் தாண்டாமல் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டு பேரும் வாங்க," என்றாள் அண்ணி. "எனக்கு ரெண்டு பக்கமும் இடம் காலியாத்தான் இருக்கு."

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. சின்ன சிஸ்டர் அழ ஆரம்பித்தாள். அண்ணி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"மன்னிச்சுட்டேன்னு யாரும் நெனச்சுக்காதீங்க. நாளைக்கு விசாரணையில என்ன சொல்வேன்னு எனக்கே தெரியல. ஆனா உங்களை இங்க விட்டுட்டு அங்க போய்த் தனியா முட்டி போட்டுக்கிட்டு, எனக்கு இரங்கும் ஆண்டவரேன்னு கேக்க வாய் வரல. வாங்க."

சின்ன சிஸ்டர் முதலில் எழுந்தாள். அவளுக்குப் பின்னால் நானும் போனேன். அந்த நடுப்பாதை அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணி முன்பிருந்த இடத்திலேயே முழங்கால் போட்டாள். சின்ன சிஸ்டர் இடது பக்கத்துக் காலி இடத்தில் முழங்கால் போட்டுவிட்டாள். எனக்கு மிச்சம் இருந்தது வலது பக்கம். கிண்ணம் இடமிருந்து வலமாகத்தான் வரும். அண்ணி குடித்த பிறகு நான் குடிக்க வேண்டும்.

போதகர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். எங்களை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பம் வந்தது, பிறகு கிண்ணம் வந்தது. சின்ன சிஸ்டர் குடித்தாள். அண்ணி குடித்தாள். அவர் விளிம்பைத் துடைத்துத் திருப்பி என் முன்னால் நீட்டினார். பயம் எனக்குப் போயிருந்தது என்று சொன்னால் பொய். டாக்டர் சொன்னது தெரியும், மகளின் முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றது. என் பயம் எவ்வளவு அசிங்கமானது என்றும் தெரிந்தது. அந்தப் பயத்தோடேயே குடித்தேன். பின்னால் ஒரு சபையே எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்தும் எங்களில் யாரும் எழவில்லை. அண்ணியின் கைகள் கிராதிமேல் இருந்தன. பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அந்த உரிமை எனக்கு இன்னும் வரவில்லை என்று பட்டது. என் முழங்கை மட்டும் அவள் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை விலக்கிக்கொள்ளவில்லை.